துண்டுக்கடியில் நீட்டிய கை

1

எங்கள் ஊர் நடுவை இரண்டு மாதமாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் என்றால் மலாயாவில் நாங்கள் குடியிருக்கும் ஊர். ஓசூர்ப் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பதினேழு வருஷம் ஓர் ஊரின் குழாய்த் தண்ணீரைக் குடித்தால் வாய் தானாக அப்படிச் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகுதான் மனசுக்கு உறைக்கிறது.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியெல்லாம் பள்ளம். பள்ளத்தின்மேல் ஒரு பலகை. ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, மறு கையில் கூடையோடு, எதிரே வருகிற சீனக் கிழவிக்கும் வழிவிட்டு அந்தப் பலகையில் போக வேண்டும். பூ விற்கிற நம் பெண்களையும் பலகாரக்காரரையும் மார்க்கெட்டுக்குப் பின்புறம் சாக்கடையோரம் தள்ளிவிட்டார்கள். மல்லிகை வாங்கப் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் இந்த ஊர் டவுன் கவுன்சிலில் கிளார்க். அவருக்கு இதில் பெருமை தாங்கவில்லை. சர்க்கார் பணம் கொடுத்திருக்கிறதாம். நடுவில் மணிக்கூண்டு, அதைச் சுற்றிப் புல்தரை, புல்தரைக்கு நடுவே தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற தொட்டி.

“தினம் மூன்று மணிக்கு வானமே பீய்ச்சி அடிக்கிறது. இதில் தொட்டி வேறு எதற்கு?” என்று கேட்டேன்.

“உனக்குத் தெரியாது. டிசம்பருக்குள் வேலையை முடிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்” என்றார்.

கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இதே பேச்சை இந்த வருஷ ஆரம்பத்தில் ஓசூரில் கேட்டேன். அங்கே டிசம்பர் இல்லை, மார்ச். மற்றபடி ஓர் எழுத்து மாறவில்லை. சொன்னவர் என் அண்ணன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்திருக்கிறேன். இதை எழுதிவிட்டாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

2

நான் ஓசூர்க்காரி. கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பலேறியவள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். என் வீட்டுக்காரர் பேயில்லை, நல்ல மனிதர். ஆனால் அவருடைய புளியமரம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இரண்டு வருஷத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லித்தான் கிளம்பினோம். யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டோம். அப்பா செத்த சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வருஷத் திதியே முடிந்திருந்தது. பிறகு பிள்ளைகள், பிறகு பள்ளிக்கூடம், பிறகு லீவு இல்லை. “அடுத்த வருஷம் வர்றோம்” என்று அண்ணனுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லியனுப்பினேன். பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே அப்படி நினைத்தேன்.

கடைசியில் இந்த வருஷம் பொங்கலுக்குப் போய் இறங்கினேன். பையனையும் அவன் அப்பாவையும் இங்கே விட்டுவிட்டு, பதினைந்து வயசு மகள் சரோஜாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். புறப்படுவதற்கு முன்னால் குடிநுழைவு ஆபீசில் ஒரு காகிதம் வாங்க வேண்டியிருந்தது. இன்ன மாதத்துக்குள் மலாயாவுக்குத் திரும்பி வரலாம் என்ற அனுமதி. சொந்த ஊருக்குப் போக யாரும் அனுமதி கேட்கவில்லை. வந்தேறிய ஊருக்குத் திரும்பத்தான் முத்திரை வேண்டியிருந்தது. ஆபீசர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். அதைக் கப்பலில் பெட்டியில் வைக்க மனமில்லாமல் மடியிலேயே முடிந்து வைத்திருந்தேன்.

ஓசூரில் முதல் நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்து, “பசியாறிட்டீங்களா?” என்றேன். இங்கே காலைச் சாப்பாட்டைக் கேட்கிற விதம் அதுதான். அந்த அம்மா பயந்துபோய், “எனக்கு என்னாம்மா பசி, நல்லாத்தான் கீறேன்” என்றார். ரோட்டைச் சடக்கு என்று சொல்லி அண்ணன் பிள்ளைகளிடம் கேலிக்கு ஆளானேன். மலாயாவில் தஞ்சாவூர்க்காரர்கள், “நீங்க தமிழா, தெலுங்கா, கன்னடமா?” என்று என் பேச்சைக் கேட்டுக் கேலி செய்வார்கள். ஓசூரில் பிறந்தவளுக்கு மூன்றும்தான் தாய்ப்பால், அதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது. இப்போது ஓசூரிலேயே என் பேச்சு வெளியூர்ப் பேச்சாகிவிட்டது.

சரோஜா பாடு அதைவிட மோசம். குளிர் தாங்காமல் இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராகிக் களியை உருட்டி விழுங்கத் தெரியாமல் மென்றாள். “வீட்டுக்கு எப்போம்மா போவோம்?” என்று கேட்டாள். நான் பிறந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

3

என் அண்ணன் நாராயணப்பா அப்போது ஓசூர் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு. என்னைவிட எட்டு வயசு மூத்தவர். அப்பாவுக்குப் பிறகு எனக்கு அப்பா. வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக, எந்நேரமும் யாராவது நாலு பேர் பின்னால் நடக்க, ஊரையே சுமப்பவர்போல் இருந்தார்.

ஊர் நடு எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெங்களூர் பஸ், கிருஷ்ணகிரி பஸ், தேன்கனிக்கோட்டை பஸ் எல்லாம் அந்த ஒரே திடலில் வந்து நிற்கும். அதே திடலில்தான் வாரச் சந்தை. அதிலேதான் மாட்டுச் சந்தையும். ராகி மூட்டைக்கும் அவரைக்காய்க் குவியலுக்கும் நடுவில் காளை படுத்து அசைபோடும், டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய் அதைச் சுற்றிக்கொண்டு போவார். மழை பெய்தால் சாணியும் சேறும் முழங்கால் மட்டும். போன மழையில் பஸ் பின்னால் வந்து ஒரு கிழவரை மாட்டோடு சேர்த்து இடித்துவிட்டதாம். கால் போய்விட்டது அவருக்கு.

இதைச் சீர்படுத்தத்தான் மதராஸ் சர்க்கார் பணம் ஒதுக்கியிருந்தது. மேற்கூரையோடு பஸ் ஸ்டாண்டு, சிமெண்டுத் தரை போட்ட காய்கறிக் கடைகள், விளக்குக் கம்பங்கள், சாயங்காலம் ஜனங்கள் உட்கார்ந்து கேட்க ரேடியோ வைத்த சின்னப் பூங்கா. அண்ணன் இரண்டு வருஷம் சேலத்து ஜில்லா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய பணம் அது.

போர்டில் எல்லோருக்கும் அதில் சம்மதமில்லை. மொழிவாரியாக நாட்டைப் பிரிக்கிற பேச்சு அப்போது உச்சத்தில் இருந்தது. “நாம மைசூருக்குப் போவோமா, மதராஸ்லயே இருப்போமான்னே தெரியல. எவனோ வந்து உக்காரப்போற பெஞ்சுக்கு நாம என்னாத்துக்கு சிமெண்டு பூசணும்?” என்று ஒரு மெம்பர் கேட்டார். வீட்டு வாசலில்தான் பாதிக் கூட்டம் நடக்கும், எனக்கு உள்ளே எல்லாம் கேட்கும்.

“எந்த ராஜ்ஜியமானாலும் மழை பெஞ்சா நனையறது நம்ம ஜனந்தான்யா” என்றார் அண்ணன். அவர் வாய் அப்படி.

ஆனால் சேலத்து ஆபீசர் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார். பணம் கட்டிடத்துக்கும் ரோட்டுக்கும்தான், நிலம் வாங்க அதில் காசு எடுக்கக் கூடாது. மாட்டுச் சந்தைக்கு வேறு இடம் காட்டிவிட்டுத்தான் நடுத் திடலில் கடப்பாரை போட வேண்டும். எல்லாம் மார்ச் முடிவதற்குள். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

போர்டு ஓர் இடம் காட்டியது, ஊருக்கு வெளியே ஒரு பாறைமேடு. புல் இல்லை, நிழல் இல்லை, பொட்டுத் தண்ணீர் இல்லை. மாட்டுத் தரகர்கள் போய்ப் பார்த்துவிட்டு ஒரே பேச்சாக முடியாது என்றுவிட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று தாராளமாகச் செலவுக்குத் திட்டம் போட்ட மெம்பர்களில் ஒருவரும் தன் நிலத்தைத் தருகிறேன் என்று வாய் திறக்கவில்லை.

4

ஒரு நாள் காலையில் திம்மராயப்பா வந்தார். மாட்டுச் சந்தையில் தரகர்களுக்கெல்லாம் தலைவர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். கோபம் வந்தால் தெலுங்கு. என்னைப் பாவாடை கட்டின நாளிலிருந்து தெரிந்தவர்.

“சென்னாகிதீயாம்மா” என்று குசலம் கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். “தங்கச்சிம்மா, உன்னண்ட ஒண்ணு கேக்கணும். உங்கண்ணன் கேக்க மாட்டாரு. அதனால நான் வந்தேன்.”

“கேளுங்க.”

“அஞ்செட்டி காட்டுலருந்து மாட்ட ஓட்டினு ரெண்டு நாளு நடந்து வர்றாங்க. வந்ததும் மொதல்ல தண்ணி காட்டணும். தண்ணி காட்டாம மாட்ட நிக்க வெச்சா வயிறு ஒட்டிப் போவும். வயிறு ஒட்டின மாட்ட எவன் வாங்குவான்? பாறைமேட்டுல போட்டா சந்தை ஒரு மாசங்கூட நடக்காது. அவனவன் அத்திப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டினு போயிடுவான். தேன்கனிக்கோட்டை ரோட்டுல ஒரு எடம் கீது. கெணறு கீது, புளியமரம் கீது.”

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

அது என் நிலம். அப்பா சாகுமுன் எனக்கென்று எழுதி வைத்தது. கொள்ளும் ராகியும் விளைகிற மேட்டுக்காடு. ஓரத்தில் ஒரு கிணறு, கோடையிலும் வற்றாது. வருஷா வருஷம் அண்ணன்தான் உழுது விதைத்துப் பார்த்துக்கொண்டார். அதில் என்ன விளைந்தது என்று நான் கேட்டதே இல்லை. அதில் நான் கட்டப்போகிற வீடு ஒன்றுதான் எனக்கு நினைப்பு. கிழக்குப் பார்த்த வாசல், காற்று வர இரண்டு ஜன்னல், சமையலறையிலிருந்து பார்த்தால் மலைக்கோயில் தெரிய வேண்டும். மலாயாவில் தகரக் கூரைக்கடியில் புழுங்கிக்கொண்டு எத்தனையோ மத்தியானம் அந்த வீட்டைக் கட்டியிருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் குண்டுச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் உட்கார்ந்திருந்தபோதுகூட அந்த ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்திருக்கிறேன். பைத்தியம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

“அது நான் வீடு கட்டப்போற எடம்” என்றேன்.

“எப்பம்மா கட்டுவ?” என்றார் திம்மராயப்பா. குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய் வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன்.

5

இங்கே சரோஜா போன வாரம் ஒரு படிவம் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. சொந்த ஊர் என்று கேட்ட இடத்தில் இந்த மலாயா ஊரின் பேரை அழகான இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். அதை மாற்றி எழுது என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது. அவளும் தம்பியும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். சண்டை வந்தால் மலாய். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் பசிக்கும்போது.

ஓசூரில் திம்மராயப்பா வந்துபோன அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த நிலத்துக்குப் போனேன். கொள்ளு அறுத்த காடு வெறிச்சென்று கிடந்தது. இங்கே வாசல், இங்கே ஜன்னல், இது உன் அறை என்று காலால் கோடு கிழித்துக் காட்டினேன்.

“என் அறையா?” என்றாள். “நாம இங்க வந்து இருக்கப் போறோமா? யாரும்மா சொன்னாங்க?”

“பின்னே? அப்பாவுக்கு ரிட்டயர் ஆனதும் வர வேண்டியதுதானே.”

“அப்பா அப்படிச் சொல்லலையே.” கொஞ்சம் யோசித்தாள். “நீங்க வேணும்னா இருங்கம்மா. நான் லீவுக்கு வரேன்.”

அவள் அதைக் கருணையோடு சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை எட்டிப் பார்த்து முகம் தெரிகிறதென்று சிரித்தாள். நான் அவளை இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்ச் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கோயில் தேரும் வந்து போயிற்று. வெளியூர் மாடெல்லாம் வந்து சாணியும் சேறுமாகத் திடல் இன்னும் நாறியது. சேலத்திலிருந்து ஆள்மேல் ஆள் வந்து போனார்கள். அண்ணன் சாப்பாட்டில் உட்கார்ந்து பாதியில் எழுந்து போவார். நானாகத்தான் கேட்டேன்.

“அண்ணா, என் காட்டைக் கேக்கறாங்களாமே?”

“எவன் சொன்னான்?” இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஊரே சொல்லுது. நீ ஒருத்தன்தான் சொல்லல.”

“அது உன் எடம். நீ வந்து இருக்கணும்னு அப்பா குடுத்தாரு. அதை நான் கேப்பனா?”

“கேக்கலைன்னா பணம் திரும்பிப் போயிடும்.”

“போவட்டும்” என்றார். ஆனால் அவர் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. இரண்டு வருஷம் நடந்த கால் அவருடையது. கால் போன கிழவரை வண்டியில் தூக்கிப்போட்டுப் பெங்களூருக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

குத்தகைக்கு விடலாம் என்று நானே சொன்னேன். கொஞ்ச வருஷம் சந்தை நடத்தட்டும், பிறகு எனக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே ஓடிப்போய், வேலையைப் பார்க்கச் சேலத்திலிருந்து வந்திருந்த ஓவர்சியரைக் கேட்டுவந்தார். குறைந்தது ஐந்து வருஷம் எழுதிக் கொடுத்தால் போதும், தண்ணீர்த் தொட்டியும் கொட்டகையும் போடலாம் என்று அவர் சொன்னாராம்.

இனி எத்தனை வருஷம் என்பதுதான் மிச்சம். அதில் ஒரு சங்கடம். பிரசிடெண்டு தன் தங்கையிடமே நிலம் எடுக்கிறார். வெளிப்படையாகப் பேரம் பேசி அவர் குறைந்த வருஷம் கேட்டால், தங்கைக்குச் சாதகமாக ஊரை விட்டுக்கொடுத்துவிட்டார் என்பார்கள். அதிகமாகக் கேட்டால், பொறந்த வீட்டுக்கு வந்த பெண்ணிடமே பிடுங்கிவிட்டார் என்பார்கள். வாய்க்கு வாய் ஒரு பேச்சு.

“சந்தை எங்களுது. எங்க வழக்கத்துல முடிச்சுக்கலாம்” என்றார் திம்மராயப்பா. “துண்டு போடுங்க.”

6

மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு இது தெரியும். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இருவர் கைமேலும் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரல் பிடிக்கிறார் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். சம்மதமில்லாவிட்டால் விரலை உதறுவார்கள், மறுபடி பிடிப்பார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போனால் கையில் கை அடித்துவிட்டுப் பிறகுதான் முடிந்த விலையைச் சொல்வார்கள். நடுவில் யார் எவ்வளவு இறங்கினார், யார் கெஞ்சினார் என்று வெளியே தெரியாது. யாருக்கும் முகம் வாடாது.

பெண்பிள்ளை கை அந்தத் துண்டுக்கடியில் போனதாக ஓசூரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு மெம்பர் முனகினார். “அண்ணன் கைதானேய்யா புடிக்குது, உன் கையவா புடிக்கச் சொன்னேன்?” என்று திம்மராயப்பா தெலுங்கில் அதட்டினார்.

என் நிலத்தில், புளியமரத்தடியில் வைத்து நடந்தது. போர்டு மெம்பர்கள், கிளார்க், தரகர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சரோஜா கிணற்றுமேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“ஒரு வெரல்னா அஞ்சு வருஷம்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத் திம்மராயப்பா எங்கள் கைகளின்மேல் துண்டை விரித்தார்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். சின்ன வயசில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பிடித்தது; அதற்கப்புறம் இப்போதுதான். உள்ளங்கை காய்ப்புக் காய்ச்சிப் போயிருந்தது. என் சுண்டுவிரலை மட்டும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார்.

ஐந்து வருஷம். அவ்வளவுதான் கேட்டார். ஓவர்சியர் சொன்ன குறைந்த கணக்கு அது, ஒரு வருஷம்கூட அதிகம் கேட்கவில்லை. நான் சரியென்று ஒரு தடவை தலை அசைத்திருந்தால் முடிந்தது. ஆனால் விரலில் வந்து நின்ற ஐந்து வருஷத்தை நான் முதன்முதலாக நிஜமாக எண்ணிப் பார்த்தேன். அப்போது சரோஜாவுக்கு இருபது, கல்யாண வயசு. மாப்பிள்ளை எங்கே பார்ப்போம்? அங்கேதான். பையன் படிப்பு பாதியில் நிற்கும். வரமுடியாது. விரலை உதறினேன்.

சுற்றி நின்றவர்கள், தங்கை வருஷத்தைக் குறைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன் மறுபடி அதே சுண்டுவிரலைப் பிடித்தார். இரண்டு விரலாக இருந்தால்? பத்து வருஷம். சரோஜாவுக்குக் குழந்தை பிறந்திருக்கும். யார் பார்த்துக்கொள்வது? மூன்று விரல் என்றால் என் வீட்டுக்காரருக்கு ரிட்டயர் ஆகியிருக்கும். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இந்த மேட்டுக்காட்டில் வந்து ஜன்னல் வழியாக எதைப் பார்த்துக்கொண்டிருப்போம்? ஒவ்வொரு விரலாகப் போய்ப் பார்த்தேன். ஒரு விரலிலும் நான் இந்த ஊரில் இல்லை. பதினேழு வருஷமாக அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று சொன்னவளுக்குக் கையில் ஒரு வருஷம்கூட அகப்படவில்லை.

அண்ணன் விடாமல் அதே ஒரு விரலை அழுத்திக்கொண்டிருந்தார். ஐந்தே வருஷம், வந்துவிடு. வந்துவிடு.

நான் விரல்களை விரித்து உள்ளங்கையை அவர் கையில் வைத்தேன். கோயிலுக்குக் காளை விடுகிறவர்கள் தரகர் கையில் அப்படி வைப்பார்கள். விலையும் இல்லை, தவணையும் இல்லை, சும்மா கொடுத்தேன் என்று அர்த்தம்.

அண்ணன் ஏற்கவில்லை. என் கையை மறுபடி மூடி, விரலைத் தேடினார். நான் மறுபடி விரித்து வைத்தேன்.

“என்னா பிரசிடெண்டு, முடிஞ்சுதா இல்லியா? கை அடி” என்றார் திம்மராயப்பா.

அண்ணன் கை அடிக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றதைப் பார்த்துத் திம்மராயப்பா துண்டை விலக்கினார். என் உள்ளங்கை விரிந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மெம்பர்களுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. போர்டுக்கே தானம், அதுவும் கிணற்றோடு. முணுமுணுத்த மெம்பர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். தரகர் ஒருவர் அங்கேயே தொட்டி எங்கே வருவது என்று காலால் அளக்க ஆரம்பித்துவிட்டார். நான் சரோஜாவுக்கு வாசல் என்று காட்டிய இடத்தில்தான் அளந்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் நடுத் திடலில் கடப்பாரை விழுந்தது. பணம் திரும்பிப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு எழும்பிவிட்டதென்றும், மாட்டுச் சந்தையில் கூட்டம் இரண்டு பங்காகிவிட்டதென்றும், ஓசூர் மதராஸ் ராஜ்ஜியத்திலேயே நின்றுவிட்டதால் மெம்பர்கள் பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்து ரேடியோ கேட்கிறார்கள் என்றும் சேதி வந்தது. நல்ல காரியம். நல்ல காரியம் என்று எனக்கும் தெரியும். எல்லோரும் புகழ்கிறார்கள். யாராவது புகழ்ந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடலாம்போல் இருக்கிறது.

அன்று புளியமரத்தடியிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். சரோஜா முன்னால் ஓடிவிட்டாள். அண்ணன் எனக்குப் பின்னாலேயே வந்தார். வீட்டு முனைக்கு வந்ததும் நின்றார்.

“ஒரு வெரல் குடுத்திருந்தா போதுமே, சென்னம்மா” என்றார். “எல்லாத்தையும் என்னாத்துக்குக் குடுத்த?”

“உனக்கு எடம் வேணும்னு அலைஞ்சியே அண்ணா. கெடைச்சுதில்ல?”

“எடத்துக்கு ஒரு வெரல் போதுமே” என்றார். “மிச்சம் நாலையும் புடிக்காம உன்னத்தான் கேட்டேன்.”